வில்லின் பளபளப்பைப் போக்க உப்புத்தாள் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வில் வேட்டைக்குத் தயாராவது பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நுனிகள் முன்பக்கமாக வளைந்திருக்கும் ரீகர்வ் வில்லைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவதில்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் வில்லை மானின் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது பற்றி அதில் ஒரு பத்தி இருந்தது. இலைதழை அச்சடித்த ஸ்டிக்கரை லிம்ப் முழுக்க, அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதி முழுக்க, ஒட்டுங்கள் என்கிறது அந்தப் பத்தி. ஸ்டிக்கர் நன்றாகப் பிடிக்க, முதலில் சொரசொரப்பான உப்புத்தாளால் லிம்பை அழுத்தித் தேயுங்கள் என்றும் சொல்கிறது. முதல் யோசனையால் பெரிய பலன் இருக்காது. இரண்டாவது யோசனை ஆளையே காயப்படுத்திவிடும். இதை நம்பி யாராவது வில்லைத் தேய்ப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிக்கும் தொழில் செய்பவன். பளபளப்பைக் கொண்டுவருவதும் அதைக் குறைப்பதும்தான் என் பிழைப்பு. அனுமதி உள்ள இடத்தில், உரிமம் எடுத்து, பருவத்தில் மட்டும் ரீகர்வ் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவனும்கூட. இரண்டும் தெரிந்தவன் என்பதால் நண்பர்கள் தங்கள் வில்லுக்குப் பூச்சு மாற்ற என்னிடம் கொண்டுவருவார்கள்.

முதலில் மானின் கண்ணைப் பற்றிக் கொஞ்சம். நமக்கு நிறம் காட்டும் கூம்பு செல்கள் மூன்று வகை. மானுக்கு இரண்டுதான். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வு வெள்ளைவால் மானின் விழித்திரையை அளந்தது. ஒரு வகைக் கூம்பு 450 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளியை அதிகம் வாங்குகிறது, இன்னொன்று 537 நானோமீட்டர் பச்சையை வாங்குகிறது என்று கண்டார்கள். சிவப்புக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. அதனால் நம் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். ஆனால் நீலமும் வெள்ளையும் அதற்கு எடுப்பாகத் தெரியும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலமும் இருப்பதால் விடிகாலை, அந்திப்பொழுது வெளிச்சமே அதற்குப் போதும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுற்றிலும் சுமார் 300 டிகிரி பார்க்கிறது. நுணுக்கமான விவரம் நம் அளவுக்குத் தெரியாது. அசைவு மட்டும் தப்பாது.

இதைச் சேர்த்துப் பார்த்தால் ஸ்டிக்கரில் அச்சடித்த இலையின் நரம்பையும் மரப்பட்டையின் வெடிப்பையும் ரசிப்பது கடையில் நிற்கும் நாம்தான் என்பது புரியும். இருபது மீட்டர் தள்ளி நிற்கும் மானுக்கு அந்த நுணுக்கமெல்லாம் கலந்து ஒரே சாம்பல் பட்டையாகிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. இப்படிப்பட்ட ஸ்டிக்கர்களில் பல வழவழப்பான பிளாஸ்டிக். அதன் மேல் சூரியன் விழுந்தால் உள்ளே இருக்கும் படமே தெரியாது. வெயிலில் ஒரு பட்டை மின்னும், அவ்வளவுதான்.

எங்கள் தொழிலில் முதலில் தெரிந்துகொள்ளும் விஷயம், நிறம் வேறு, பளபளப்பு வேறு. வழவழப்பான கறுப்புப் பூச்சும் வழவழப்பான வெள்ளைப் பூச்சும் தங்கள் மேற்பரப்பில் இருந்து சூரியனைத் திருப்பிக் காட்டுவது கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதம் அப்படியே திரும்பும். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அது சூரியனின் 4 சதவீதம். நிழலான புதருக்கு நடுவில் அது தீப்பொறி மாதிரிப் பளிச்சிடும். வெளிச்சம் சாய்வாக வந்தால் இன்னும் மோசம். மேற்பரப்பை ஒட்டி 10 டிகிரி சாய்வில் விழுந்தால் ஏறக்குறைய 40 சதவீதம் திரும்பிவிடும். மான் நடமாடும் விடிகாலையும் மாலையும் சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம். அப்போதுதான் இந்தச் சாய்வு கிடைக்கும். ஆகவே பளபளக்கும் வில்லுக்குப் பச்சையும் பழுப்பும் பளபளப்பாகவே அடித்தால் காசுதான் வீண். மேற்பரப்பு நுண்ணிய சொரசொரப்பாக இருந்தால் அதே ஒளி நாலாபக்கமும் சிதறிப்போகும். மினுக்கம் இருக்காது.

பழைய காலத்து வில்லுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகக் கிடையாது. வெறும் மரம், தோல், மேலே ஒட்டிய நரம்பு எல்லாமே இயல்பாக மங்கல். கண்ணாடி இழையை மரத்தோடு ஒட்டிச் செய்யும் ரீகர்வ் வில் 1950-களில் அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஃபிரெட் பேர் போன்றவர்களால் பரவலான பிறகு, அழகான மரத்தின் மேல் தெளிவான கண்ணாடி இழை, அதன் மேல் கண்ணாடி போன்ற பூச்சு என்று வந்துவிட்டது. சுவரில் மாட்டிப் பார்க்க அதைப்போல அழகு வேறில்லை. அதைச் செய்தவரின் கைவேலையை நான் மனதார மதிக்கிறேன்.

ரீகர்வ் வில்லின் வடிவமே பளிச்சிடலைப் பெரிதாக்குகிறது. தட்டையான கண்ணாடி ஒரே திசையில்தான் வெளிச்சம் அடிக்கும். அந்த இடத்தில் மான் இல்லாவிட்டால் தப்பித்தோம். வளைந்த பரப்பு அப்படி இல்லை. நாணை இழுக்க இழுக்க மானைப் பார்க்கும் பக்கத்தில் லிம்பின் நடுப்பகுதி வெளிநோக்கி வளைகிறது, நுனி சுருள் பிரிகிறது. அந்த வளைவில் ஏதோ ஒரு புள்ளி எப்போதும் சூரியனையும் மானின் கண்ணையும் இணைக்கும் கோணத்தில் இருந்துகொண்டே இருக்கும். இழுக்கும்போது அந்தப் புள்ளி லிம்பின் மேல் ஓடும். ஒரு நண்பரை இருபது மீட்டர் தள்ளி, தாழ்ந்த வெயிலில், வேறு பக்கம் பாதுகாப்பான இலக்கைப் பார்த்து அம்போடு மெதுவாக இழுக்கச் சொல்லிப் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். மேல் லிம்பில் ஒரு வெள்ளைக் கோடு நுனிப்பக்கமிருந்து கைப்பிடிப் பக்கமாகச் சறுக்கி இறங்குவது கண்ணில் அடிக்கும். கைபேசியில் வீடியோ எடுத்துக் காட்டினால் வில்லின் சொந்தக்காரரே திடுக்கிட்டுப் போவார்.

அசையாமல் இருந்தால் போதும், வில் மின்னினால் என்ன என்று சொல்லும் அனுபவசாலிகளை எனக்குத் தெரியும். அசைவு பெரிய விஷயம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ரீகர்வ் வில்லில் அசையாமல் அம்பு விட முடியாது. கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் முழு இழுப்பில் பாரத்தைக் குறைத்துக் கொடுக்கும், இழுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கலாம். நம் வில் அப்படியில்லை. மான் பக்கத்தில் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும், இழுத்த சில நொடிகளில் விட வேண்டும். நாள் முழுக்கக் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கடைசி அசைவைத் தவிர்க்க முடியாது. பளிச்சிடல் அதை ஊருக்கே அறிவித்துவிடும்.

அப்புறம் என்ன நடக்கும் என்பதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். மான் ஓடிவிடும், ஒரு வாய்ப்புப் போகும் என்றால் பரவாயில்லை. ரீகர்வ் வில்லில் இருந்து போகும் அம்பு நொடிக்கு 55 மீட்டர் அளவில் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 18 மீட்டரைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகும். நாணின் சத்தம் நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அமைதியாக மேயும் மான் அந்தச் சத்தத்தை உணர்ந்து செயல்படச் சற்று நேரம் பிடிக்கும். பளிச்சிடலைப் பார்த்து ஏற்கனவே தசையை இறுக்கிக்கொண்டு நிற்கும் மான், சத்தம் கேட்ட கணமே பாயத் தயாராகக் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்திவிடும். நெஞ்சுக்குப் போக வேண்டிய அம்பு முதுகிலோ வயிற்றிலோ பாயும். அந்த மான் உடனே சாகாது. எங்கோ போய் மணிக்கணக்கில் தவித்துச் சாகும். ஒரு உயிரை எடுக்கத் துணிகிறவன் அதற்கு வலி குறைந்த சாவைத் தரக் கடமைப்பட்டவன் என்று நினைக்கிறேன். வில்லை மங்கலாக்குவதை நான் அந்தக் கடமையில்தான் சேர்க்கிறேன்.

சரி, உப்புத்தாளுக்கு வருகிறேன். லிம்பின் இரண்டு பக்கமும் இருக்கும் கண்ணாடி இழைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வில் வளையும்போது மானைப் பார்க்கும் பக்கத்து இழைகள் இழுபடுகின்றன, நம்மைப் பார்க்கும் பக்கத்து இழைகள் நெருக்கப்படுகின்றன. பாரத்தின் பெரும்பங்கை வெளிப்புற இழைகள்தான் தாங்குகின்றன. முரட்டு உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் மேல்பூச்சு போய் இழையே வெட்டுப்படும். குறுக்கே தேய்த்தால் கேட்கவே வேண்டாம். வெட்டுப்பட்ட இழை சிலாம்பாகக் கிளம்பும், அங்கிருந்து விரிசல் ஓடும். முழு இழுப்பில் லிம்ப் உடைந்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பது நம் முகம்.

உடையாவிட்டாலும் வில் கெடும். லிம்பின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. தடிமனில் 1 சதவீதம் போனால் விறைப்பில் சுமார் 3 சதவீதம் போய்விடும். மேல் லிம்பைக் கொஞ்சம் கூட, கீழ் லிம்பைக் கொஞ்சம் குறையத் தேய்த்தால் இரண்டுக்கும் இருந்த சமநிலை போய்விடும். வில் செய்பவர் பொறுமையாகக் கொண்டுவந்த சமநிலை அது. தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடி இழைத் தூசி தோலை அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. இவ்வளவு ஆபத்தையும் ஒரு ஸ்டிக்கர் பிடிப்பதற்காக யாரும் விலைக்கு வாங்க வேண்டாம்.

பூச்சை மட்டும் மங்கலாக்க மென்மையான வழி இருக்கிறது. பாத்திரம் தேய்ப்பது போன்ற, ஆனால் அதைவிட மிக நைசான சாம்பல் நிற நைலான் பட்டை பெயிண்ட் கடையில் கிடைக்கும். நாணைக் கழற்றிவிட்டு, லிம்பைச் சோப்புத்தண்ணீரில் துடைத்து, ஈரத்தோடே நீளவாக்கில் அழுத்தமில்லாமல் தேய்க்க வேண்டும். பால் போலத் தண்ணீர் வரும். அது பூச்சின் தூள். சற்றுத் தேய்த்ததும் துடைத்து, மேலே எரியும் டியூப் லைட்டின் பிம்பம் லிம்பில் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். தொடங்கும்போது விளிம்பு கூர்மையான வெள்ளைக் குச்சியாகத் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் ஓரம் கலைந்து பஞ்சுத்திரி போலாகும், பிறகு வெறும் வெளிச்சத் திட்டாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதால் மங்கல் கூடப்போவதில்லை, பூச்சுதான் மெலியும். லிம்பின் ஓரங்களில் பூச்சு ஏற்கனவே மெல்லியது, அங்கே பட்டையைக் கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

புதிதாக மங்கல் வார்னிஷ் அடிப்பவர்களுக்கு ஒரு தொழில் விஷயம். அந்த வார்னிஷில் மங்கலைத் தருவது நுண்ணிய சிலிக்காத் தூள். டப்பா நின்றால் அது அடியில் படிந்துவிடும். கலக்காமல் மேலாக எடுத்து அடித்துவிட்டு மேட் வார்னிஷ் பளபளக்கிறதே என்று குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடிவரை குச்சி விட்டு மெதுவாகக் கலக்க வேண்டும். குலுக்கினால் குமிழி வரும். மேட் ஸ்ப்ரே அடிப்பதானால் லேசான பனிமூட்டம் போலப் பல தடவை, ஒவ்வொரு தடவையும் காயவிட்டு அடியுங்கள். கைப்பிடிக்குக் கீழே மறைவான ஓர் இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். சில ஸ்ப்ரேயின் கரைப்பான் பழைய பூச்சைச் சுருட்டிவிடும். தின்னரும் அசிட்டோனும் வில்லின் பக்கமே வர வேண்டாம்.

பூச்சைத் தொட மனம் வராதவர்களுக்கு லிம்பில் மாட்டும் துணி உறைதான் என் சிபாரிசு. அழகான வில்லை வைத்திருப்பவர்கள் பருவம் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். ரீகர்வ் வில்லில் நாண் லிம்பின் நுனிப்பகுதியைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும், விடும்போது அங்கேதான் வந்து அடிக்கும். உறையோ டேப்போ அந்த இடத்துக்கு முன்பே, கைப்பிடிப் பக்கமாகவே முடிந்துவிட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் நாணில் மாட்டும். நுனி மிக வேகமாகப் பாயும் பகுதி, அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிராமும் அம்பின் வேகத்தைக் குறைக்கும். மிஞ்சியிருக்கும் அந்தச் சாண் நீளத்துக்கு, தண்ணீரில் கரையும் போஸ்டர் பெயிண்டில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டுத் தடவினால் வழவழப்பிலும் ஒட்டிக்கொள்ளும். பருவம் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். மழை பெய்தாலும் போய்விடும் என்பது அதன் குறை.

மழை என்றதும் சொல்ல வேண்டியது, மேட் பூச்சு நனைந்தால் மறுபடி பளபளக்கும். நுண்ணிய பள்ளங்களைத் தண்ணீர் நிரப்பி வழவழப்பாக்கிவிடுகிறது. துணி உறை நனைந்தாலும் மின்னாது, ஆனால் நீரைக் குடித்துக் கனக்கும். ஈர உறையை வில்லிலேயே விட்டுவைத்தால் மரத்துக்குக் கேடு. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயவையுங்கள்.

திட்டுத்திட்டாக நிறம் பூசுவதில் எனக்கு எதிர்ப்பில்லை. பளபளப்பு போன பிறகு அது உதவும். இரண்டாம் உலகப்போர்க் காலத்து உருமறைப்பு பற்றி எழுதிய விலங்கியலாளர் ஹியூ காட் அழுத்திச் சொன்னது, அடர்ந்ததும் வெளிறியதுமான பெரிய திட்டுகள் உருவத்தின் விளிம்பை உடைக்க வேண்டும் என்பது. வில்லின் விளிம்பு நீண்ட, சீரான, மேலும் கீழும் ஒரே மாதிரியான வளைவு. காட்டில் அப்படி ஒன்று வளர்வதில்லை. அகலம் நாலைந்து சென்டிமீட்டர்தான் என்பதால் குறுக்கே ஓடும் பட்டைகள்தான் எடுபடும். இடைவெளி சமமாக இல்லாமல், மேல் லிம்பிலும் கீழ் லிம்பிலும் வெவ்வேறாக, பழுப்பும் வெளிர் சாம்பலும் கலந்து போட்டால் போதும். நீலச்சாயல் உள்ள சாம்பலைத் தவிர்க்கவும். முழுக்கக் கறுப்பும் வேண்டாம். வெயிலில் சூடேறும், மூடிய காருக்குள் விட்டால் லிம்பின் பசை இளகி அடுக்குகள் பிரியக்கூடும்.

வில்லை மங்கலாக்கிவிட்டு அம்பறாத்தூணி நிறைய வெள்ளை இறகை வைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. வெள்ளைவால் மானுக்கு வெள்ளை என்பது எச்சரிக்கை. மிரண்டால் அது வாலைத் தூக்கிக் காட்டுவதே வெள்ளையைத்தான். அம்பு எங்கே பட்டது என்று நமக்குத் தெரிய வேண்டுமானால் ஆரஞ்சு இறகு போடலாம், மானுக்கு அது மங்கல். வான்கோழி வேட்டைக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். பறவைகளுக்கு நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும். அதோடு ஆண் வான்கோழியின் தலை சிவப்பு, வெள்ளை, நீலமாக இருப்பதால் அந்த நிறங்களை நாம் அணிந்தால் இன்னொரு வேட்டைக்காரர் நம்மையே குறிவைத்துவிடலாம். வில்லை மறைப்பது மானிடமிருந்துதான், மற்ற வேட்டைக்காரர்களிடமிருந்து அல்ல. ஆரஞ்சு உடை போட வேண்டும் என்று விதி உள்ள இடத்தில் கட்டாயம் போடுங்கள்.

உறை, டேப், பெயிண்ட் எதுவானாலும் லிம்பில் விழும் மயிரிழை விரிசலையும் அது மறைத்துவிடும். இதனாலேயே கழற்ற முடிந்த மறைப்பை நான் விரும்புகிறேன். பருவத்துக்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பார்த்து, பஞ்சு உருண்டையால் லிம்பின் நீளத்துக்கும் ஓரத்துக்கும் மெதுவாகத் தடவுங்கள். சிலாம்பு கிளம்பியிருந்தால் பஞ்சு மாட்டும்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள்: உப்புத்தாள் யோசனைக்கு அடுத்த இணைப்பிலேயே, கண்ணில் படும் இடத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். ஏற்கனவே தேய்த்துவிட்ட வாசகர்கள் பஞ்சுச் சோதனையோடு திருப்திப்பட வேண்டாம். வில்லில் நாண் ஏற்றாமல் அப்படியே ஒரு வில் செய்பவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். இழை வெட்டுப்படவில்லை என்று அவர் சொல்லும்வரை யாரும் அந்த வில்லை இழுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வார்னிஷ் தொழில் செய்யும் வாசகர்